ஒன்பது வோல்ட் பெட்டியும் மூன்றாவது பின்னும்

கிடார் பெடலைச் சொந்தமாகச் செய்பவர்கள் இரைச்சலை ஒழிக்கப் பெட்டிக்கு 'கிரவுண்ட்' கொடுக்கிறார்கள். அந்த இணைப்பு சுவரிலுள்ள பிளக் வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.

டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவின் சாந்தினி சௌக். டிரான்சிஸ்டரும் கெப்பாசிட்டரும் சில்லறையாகக் கிடைக்கும் கடைத்தெருக்கள். கையில் சர்க்யூட் படமும் மனதில் ராக் இசையுமாக இங்கே உதிரிபாகம் தேடுகிறவர்களும் உண்டு. வெளிநாட்டு பெடலின் விலை ஆயிரக்கணக்கில். அதையே வீட்டு மேஜையில் செய்தால் செலவு அதில் ஒரு பகுதிதான்.

ஆனால் காலால் சுவிட்சை அமுக்கியதும் பாட்டுக்கு முன் 'கொர்ர்' என்ற இரைச்சல் வருகிறது. பழி டிரான்சிஸ்டர் மீது விழுகிறது. பல சமயம் உண்மையான குற்றவாளி பெட்டிதான்.

காரணம் எளிது. கிடாரிலிருந்து வரும் சிக்னல் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். ஃபஸ், டிஸ்டார்ஷன் வகை பெடல்கள் அதை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கக்கூடியவை. அறையில் ஓடும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வயர்களிலிருந்தும் டியூப் லைட்டிலிருந்தும் வரும் மின் தொல்லை உள்ளே நுழைந்தால் அதுவும் சேர்ந்து பெருகும். உலோகப் பெட்டி இதைத் தடுக்கும் கவசம். ஆனால் சர்க்யூட்டின் கிரவுண்டோடு பெட்டி இணைந்திருந்தால்தான் கவசம் வேலை செய்யும். பிளாஸ்டிக் டப்பா தடுக்காது. உள்பக்கம் முழுக்க செம்புத் தாள் ஒட்டி, அதை கிரவுண்டோடு இணைக்க வேண்டும்.

திறந்த வகை ஜாக்கில், கழுத்திலுள்ள உலோகம்தான் கிரவுண்ட். நட்டை முடுக்கினால் பெட்டி தானாக இணைந்துவிடும் என்று நம்பப்படுகிறது. இடையில் பெயின்ட் இருந்தால் இணையாது. பவுடர் கோட்டிங், அனோடைஸ் செய்த அலுமினியம் இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. எனவே ஜாக் உட்காரும் துளையைச் சுற்றி, உள்பக்கமாக, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கினால் பிடி தளராது. மூடி பொருந்தும் விளிம்பையும் இப்படியே தேய்ப்பது நல்லது.

பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக் என்றால் கதை வேறு. அது பெட்டியைத் தொடுவதே இல்லை. கிரவுண்டிலிருந்து தனி வயர் எடுத்து, வளைய லக் வைத்து, பெட்டியில் போல்ட் போட வேண்டும். இன்புட் ஜாக்குக்கு அருகே, ஒரே இடத்தில் இணைத்தால் போதும்.

அடாப்டர் ஜாக்கில் விதி தலைகீழ். பெரும்பாலான பெடல்களில் நடு முனை நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். இங்கே உலோக ஜாக் பொருத்தினால் பாசிட்டிவ் பெட்டியைத் தொட்டு ஷார்ட் ஆகும். இதற்குப் பிளாஸ்டிக் ஜாக்தான் சரி.

சோதிக்க ஒரு மல்ட்டிமீட்டர் போதும். பேட்டரி, அடாப்டர், கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முனையை இன்புட் ஜாக்கின் கிரவுண்டில் வையுங்கள். மறு முனையால் பெட்டி, மூடி, அவுட்புட் ஜாக்கின் கிரவுண்ட் ஆகியவற்றைத் தொடுங்கள். பெயின்ட் இல்லாத இடத்தில் தொட வேண்டும். எங்கும் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

இதோடு இரைச்சல் பிரச்னை தீரலாம். உயிர்ப் பிரச்னை இனிமேல்தான்.

ஒன்பது வோல்ட் ஆளை அடிக்காது. ஆனால் பெடலின் கிரவுண்ட் ஒரு பக்கம் கிடாரின் கம்பிகளுக்குப் போகிறது. மறுபக்கம் கேபிள் வழியே ஆம்ப்ளிபையரின் உடலுக்கும், அங்கிருந்து பிளக்கின் மூன்றாவது பின்னுக்கும் போகிறது. அந்தப் பின்னுக்குப் பின்னால் எர்த் இல்லாமல், ஆம்ப்ளிபையரில் மின்கசிவும் ஏற்பட்டால், வாசிப்பவரின் விரலில் இருப்பது கிடார் கம்பியல்ல, மின்கம்பி. எதிரே இருக்கும் மைக்கில் கோளாறு என்றாலும் இதே ஆபத்துதான். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகரில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 27.

நம் ஊர் நிலவரம் இந்தக் கவலையைக் கூட்டுகிறது. மூன்று துளை இருந்தும் எர்த் வயரே இழுக்காத பழைய வீடுகள் உண்டு. எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடும் குறுக்கு வழியும் உண்டு. நியூட்ரல் வயர் அறுந்தால் அப்போது ஆம்ப்ளிபையரின் உடல் முழுக்க 230 வோல்ட். எல்லாவற்றையும்விட மோசமானது, இரைச்சலை நிறுத்த எர்த் பின்னையே வெட்டிவிடும் வைத்தியம். இரைச்சல் நின்றுவிடும், பாதுகாப்பும் போய்விடும்.

இரண்டு ஆம்ப்ளிபையர்கள் சேர்ந்து இரைந்தால், இரண்டையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள். போதாவிட்டால் சிக்னல் பாதையில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். மூன்றாவது பின்னில் கை வைக்கக் கூடாது.

எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். கம்பியைத் தொடும்போது விரல் சுரீரென்றால் வாசிப்பதை நிறுத்துங்கள். எர்த்தைச் சரிபார்த்த பிறகு ஃபஸ் சுவிட்சை அமுக்கலாம்.