தண்ணீர் குறைந்தால் குறை கம்ப்ரசரிலா, கிணற்றிலா?

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று, கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் பெரும்பாலும் புழுதியைத்தான் கிளப்புகிறது. பாறை நிலமாதலால் அங்கு ஆழ்துளைக் கிணறுகளில் ஊற்றும் குறைவு. ஆகவே விவசாயிகள் பலர் கம்ப்ரசர் மூலம் காற்றைச் செலுத்தி நீர் இறைக்கின்றனர். கிணற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால், மணல் கலந்த நீரையும் இம்முறையில் எடுக்கலாம்.

நீர் குறைந்தவுடன் சிலர் கம்ப்ரசரைப் பிரித்துப் போடுகின்றனர். வேறு சிலர் கடன் வாங்கிக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துகின்றனர். குறை எங்கே என்று அறியாமல் செய்யும் இரண்டுமே வீண் செலவாகலாம்.

குறையைக் கண்டறியும் முறை

கிணற்றுக்குச் செல்லும் வால்வை மூடி, கம்ப்ரசரை ஓட்ட வேண்டும். காற்றுத் தொட்டியில் வழக்கமான அழுத்தம் ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தபோது ஆன நேரமே இப்போதும் ஆனால் கம்ப்ரசரில் குறை இல்லை. கூடுதல் நேரம் ஆனால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், வால்வு தகடோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். மோட்டாரை நிறுத்திய பின் அழுத்தமானியின் முள் இறங்கினால் காற்று கசிகிறது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும்.

கம்ப்ரசர் நன்றாக இருந்தால் அடுத்துக் கிணற்றைப் பார்க்க வேண்டும். வால்வைத் திறந்து ஓட்டும்போது, நீர் வெளிவருவதற்குச் சற்று முன் முள் காட்டும் உச்ச அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1 கிலோ அழுத்தம் என்பது, காற்றுக் குழாயின் அடிமுனைக்கு மேல் சுமார் 33 அடி நீர் நிற்பதைக் குறிக்கும். முன்பு 4 கிலோ காட்டிய இடத்தில் இப்போது 2 கிலோ காட்டினால், 132 அடி நின்ற நீர் 66 அடியாகிவிட்டது என்று பொருள். இந்த அளவு வாரா வாரம் சிறிது சிறிதாகக் குறைந்தால் நீர்மட்டம் இறங்குகிறது. ஒரே நாளில் குறைந்தால் கிணற்றுக்குள் காற்றுக் குழாய் ஓட்டையாகியிருக்கக் கூடும்.

பராமரிப்பு

நாள்தோறும் ஓட்டுமுன் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும். தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. நீர் தேங்கினால் தொட்டி உட்புறம் துருப்பிடித்து மெலியும். கிழக்குப் பகுதியிலோ காற்றுக் காலத்தில் வடிகட்டியை வாரம் இருமுறையாவது தூசு தட்டிச் சுத்தம் செய்வது நலம்.

பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்குத் தாழ வேண்டும். மின்கம்பி வேலை நடந்த பின் மோட்டார் எதிர்ப்புறம் சுழலக்கூடும். அப்போது சக்கரத்தின் விசிறி சிலிண்டர்மீது சரிவரக் காற்று வீசாது, சூடு ஏறும். சக்கரத்திலுள்ள அம்புக்குறிப்படி சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இறைக்கும் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அந்நீரைக் குடிக்கக் கூடாது.

எச்சரிக்கை

சேப்டி வால்விலிருந்து காற்று போகிறது என்று அதை அடைத்து வைப்பது உயிருக்கே ஆபத்து; தொட்டி வெடித்துவிடும். மெலிந்த தொட்டியை ஒட்டுப்போட்டு ஓட்டுவதும் கூடாது. பழுது பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். வேட்டி, சேலை நுனி சிக்காதவாறு பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி அவசியம்.

கம்ப்ரசர் அறைச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை தொட்டி நிரம்பும் நேரத்தையும் உச்ச அழுத்தத்தையும் எழுதி வரலாம். நீர்மட்டம் இறங்குவது அதில் முன்கூட்டியே தெரியும். அடுத்த பட்டத்தில் எத்தனை சென்ட் தக்காளி, எத்தனை சென்ட் வெங்காயம் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.