கேட்ல 99 வாங்கினா சீட் உறுதியா? வேலையை விடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!



"வேலையை விட்டுட்டு 8 மாசம் முழு நேரமா கேட் தேர்வுக்குப் படிக்கலாமா?" எம்பிஏ ஆசை இருக்கிற பல பேர் மனசுல ஓடுற கேள்வி இது. பதிலுக்கு முன்னாடி, ஐஐஎம்-ல சீட் எப்படிக் கொடுக்கிறாங்கன்னு பார்த்துடுவோம்.

நாம என்ஜினீயரிங் கவுன்சிலிங் பார்த்து வளர்ந்தவங்க. மார்க், கட்-ஆஃப், ரேங்க், அவ்வளவுதான். டான்செட் எழுதி எம்பிஏ கவுன்சிலிங் போனாலும் ரேங்க்தான் பேசும். கேட் தேர்வும் அப்படித்தான்னு நினைக்கிறோம். அங்கதான் தப்பு பண்றோம்.

ரெண்டு கட்டம், ரெண்டு கணக்கு

முதல் கட்டம் ஷார்ட்லிஸ்ட். கேட் ஸ்கோர், பழைய மார்க் எல்லாம் பார்த்து இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. இதைத் தாண்டலைன்னா இன்டர்வியூவே கிடையாது.

ரெண்டாவது கட்டம் இறுதித் தேர்வு. ஐஐஎம் அகமதாபாத்தில் சமீபத்திய ஆண்டுகளில் இன்டர்வியூவுக்கு 50 சதவீதம், கேட் ஸ்கோருக்கு 25 சதவீதம்தான். ஐஐஎம் கல்கத்தாவில் இன்டர்வியூவுக்கு 48, கேட்டுக்கு 30. இந்த அளவுகள் மாறலாம். அதனால ஒவ்வொரு வருஷமும் அந்தந்த ஐஐஎம் இணையதளத்தில் சேர்க்கை விதிகளைப் பார்த்துக்கோங்க.

ஒரு உதாரணம். கேட் பகுதியில் 25-க்கு உங்களுக்கு 22, பக்கத்தில் இருப்பவருக்கு 19. நீங்க 3 முன்னால. இன்டர்வியூவில் 50-க்கு அவருக்கு 35, உங்களுக்கு 28. இப்போ அவர் 4 முன்னால! ஷார்ட்லிஸ்ட்ல வர்றவங்க எல்லாருமே நல்ல ஸ்கோர் வாங்கினவங்க. அதனால அங்கே பெரிய வித்தியாசத்தை உண்டாக்குறது இன்டர்வியூதான்.

அப்போ வேலையை விடலாமா?

மாசம் 60,000 ரூபாய் சம்பளம்னு வச்சுக்குவோம். 8 மாசம் வீட்டில் இருந்தா 4.8 லட்சம் போச்சு. அதைவிட முக்கியமானது இன்னொண்ணு இருக்கு.

இன்டர்வியூவில் என்ன கேட்பாங்க? உங்க வேலை என்ன, உங்க கம்பெனி எப்படிச் சம்பாதிக்குது, ஏன் எம்பிஏ, டிகிரியில் படிச்ச பாடம், நாட்டு நடப்பு. இதில் பாதிக்கான பதில் உங்க ஆபீஸ்லயே இருக்கு. வேலையை விட்டா, கேள்வி "ஏன் விட்டீங்க?"ன்னு திரும்பிடும். 25-க்காக வேலையை விட்டு, 50-ல கை வைக்கிறோம்.

என்ன பண்ணலாம்?

1. வேலையில் இருந்துகிட்டே தினமும் 2 மணி நேரம் படிங்க. இந்த வருஷம் கிடைக்கலைன்னாலும் சம்பளம் நிக்காது.

2. வாரா வாரம் ஆபீஸ்ல செஞ்சதை நாலு வரி எழுதி வைங்க. என்ன பிரச்சினை, நீங்க என்ன பண்ணீங்க, என்ன ஆச்சு. இன்டர்வியூ நேரத்தில் இதுதான் உங்க நோட்ஸ்.

3. நோட்டீஸ் பீரியடைக் கவனிங்க. தேர்வு நவம்பர் கடைசியில். இறுதி முடிவு பெரும்பாலும் ஏப்ரல், மே மாசம். வகுப்பு ஜூன் வாக்கில். உங்க நோட்டீஸ் 90 நாள்னா இடிக்கும். முன்கூட்டியே விடுவிக்க எவ்வளவு கட்டணும்னு ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க. அந்தப் பணத்தை இப்பவே தனியா சேர்த்து வைங்க.

4. கல்லூரி அனுமதிக் கடிதம் கைக்கு வராம ராஜினாமா வேண்டாம். ஷார்ட்லிஸ்ட் வந்தது சீட் வந்த மாதிரி ஆகாது.

பெரிய ஐஐஎம்-களில் ரெண்டு வருஷப் படிப்புக்கு 25 லட்சத்துக்கு மேல் ஆகும். ரெண்டு வருஷச் சம்பள இழப்பு 14.4 லட்சம். மொத்தம் கிட்டத்தட்ட 40 லட்ச ரூபாய் முடிவு இது. அதைச் சீட் வந்த பிறகு எடுங்க, வர்றதுக்கு முன்னாடி வேண்டாம்.

உங்க நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவில் கல்விக் கடன் கணக்கைப் பார்ப்போம்.