பச்சோந்தியை வீட்டில் வளர்க்கலாமா? சட்டமும் பராமரிப்பு முறைகளும் கூறுவது என்ன?

புதுடெல்லி: நிறம் மாறும் பச்சோந்திகளின் காணொளிகளைச் சமூக வலைத்தளங்களில் கண்டு, அவற்றைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் ஆர்வம் சிலருக்கு எழுகிறது. ஆனால், நாய், பூனையைப் போல மனிதரின் அருகாமையை விரும்பும் உயிரினம் அல்ல இது. சிறிய கவனக்குறைவும் அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனம் இந்தியப் பச்சோந்தி. தமிழகத்தின் வேலிகளிலும் புதர்களிலும் காணப்படுவது இதுவே. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால், இதனைப் பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

ஏமன், சவுதி அரேபியாவைத் தாயகமாகக் கொண்ட வெய்ல்டு பச்சோந்தியும், மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியும் உலக அளவில் அதிகம் வளர்க்கப்படுபவை. இவை இரண்டும் 'சைட்டிஸ்' எனப்படும் சர்வதேச வன உயிரின வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்கு சட்டமும், 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளும், இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் 'பரிவேஷ் 2.0' இணையதளம் வாயிலாகப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியுள்ளன. உரிமை மாற்றம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

நிறம் மாறுவது ஏன்?

சூழலோடு ஒன்றி மறைவதற்காகவே பச்சோந்தி நிறம் மாறுகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில், உடல் வெப்பநிலை, அச்சம், சினம், இணை சேரும் விருப்பம் ஆகியவற்றையே நிறமாற்றம் பெரிதும் வெளிப்படுத்துகிறது. தோல் செல்களில் உள்ள நுண்படிகங்களுக்கு இடையிலான தொலைவு மாறும்போது நிறமும் மாறுவதை, பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015-ல் விளக்கினர். எனவே, கையில் எடுத்தவுடன் கருமையாக மாறும் பச்சோந்தி வித்தை காட்டவில்லை. தனது அச்சத்தையே தெரிவிக்கிறது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

பச்சோந்திகள் தனித்து வாழ்பவை. ஒரே கூண்டில் இரண்டை வைத்தால் சண்டையிடும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதே அவற்றுக்கு மன உளைச்சலாகும். காற்றோட்டமான, உயரமான வலைக்கூண்டும், ஏறுவதற்குக் கிளைகளும் செடிகளும் தேவை. கிண்ணத்தில் வைத்த நீரைப் பெரும்பாலும் அவை குடிப்பதில்லை. இலைகளில் தெளிக்கப்படும் நீர்த்துளிகளையே நக்கிக் குடிக்கும்.

புற ஊதா-பி ஒளியும் மிக முக்கியம். இது கிடைக்காவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்காது. எலும்புகள் மென்மையாகி வளைந்துவிடும். சன்னல் கண்ணாடி இந்த ஒளியைத் தடுத்துவிடுவதால், கண்ணாடி வழியே விழும் வெயில் போதுமானதல்ல. இதற்கான விளக்குகள் தொடர்ந்து எரிந்தாலும், அவற்றின் புற ஊதாத் திறன் நாளடைவில் குறையும் என்பதால் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். உணவாகத் தரும் பூச்சிகளின் மீது கால்சியம் தூள் தூவுவதும் அவசியம்.

இனப்பெருக்கத்தில் உள்ள சவால்கள்

இணை சேர்ப்பதற்காக மட்டுமே ஆணையும் பெண்ணையும் சிறிது நேரம் கண்காணிப்புடன் ஒன்றாக விட வேண்டும். பெண் கருமையான நிறம் காட்டி வாயைத் திறந்து எதிர்த்தால், உடனே பிரித்துவிட வேண்டும்.

வெய்ல்டு பச்சோந்தியின் பெண், ஆண் துணை இல்லாமலும் கருவுறாத முட்டைகளை இடும். தோண்டுவதற்கு ஈர மணல் நிரம்பிய ஆழமான தொட்டி இல்லாவிட்டால், முட்டைகள் வயிற்றிலேயே தங்கி அது இறக்க நேரிடும். எனவே, ஒரே ஒரு பெண் பச்சோந்தியை வளர்ப்பவரும் இந்த ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும்.

ஒரே ஈட்டில் பல டஜன் முட்டைகள் இடப்படலாம். அவை பொரிக்க ஆறு மாதங்களுக்கு மேலாகும். அதுவரை சீரான வெப்பமும் ஈரப்பதமும் காக்கப்பட வேண்டும். முட்டைகளைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு இறந்துவிடக்கூடும். பொரித்த குஞ்சுகளுக்குத் தினமும் நுண்ணிய பூச்சிகளை இரையாக அளிக்க வேண்டும். வளர வளர ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு தேவைப்படும். நாற்பது முட்டைகளும் பொரித்தால், நாற்பது கூண்டுகளுக்கு இடமும், நாற்பது பிறப்புகளுக்கான பதிவும் வேண்டும் என்பதை முன்கூட்டியே உணர வேண்டும்.

ஆகவே, வாங்கும் முன் விற்பவரிடம் இறக்குமதி மற்றும் பதிவு ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதும், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர் அருகில் உள்ளாரா என அறிவதும் முதல் கடமையாகும். இவை இரண்டும் கிட்டாத இடத்தில், வேலியோரப் பச்சோந்தியைத் தொலைவில் நின்று கண்டு மகிழ்வதே அதற்கும் நமக்கும் நன்மை.