மேசைமேல் ஒரு டாங்கி

அமெரிக்க ராணுவத்தின் எம்1 ஏப்ரம்ஸ் டாங்கி, பீரங்கிக் குழலையும் சேர்த்தால் 10 மீட்டருக்குச் சற்றே குறைவான நீளம். அதை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 28 சென்டிமீட்டர், மேசைமேல் அடங்கிவிடும்.

மாதிரி டாங்கிகளில் இந்த அளவு பரவ வழி செய்தது ஜப்பானின் தாமியா நிறுவனம். 1960களின் தொடக்கத்தில் அது செய்த பேந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் வேண்டியிருந்தது. அதற்கேற்ப உடலை அமைத்தபோது கிடைத்த அளவுதான் 35-இல் ஒன்று.

பாகங்களை ஒட்டி முடித்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். நிஜ ஏப்ரம்ஸின் மேல்தளம், வீரர்களின் கால் வழுக்காதபடி சொரசொரப்பாக இருக்கும். மாதிரியில் அதைக் கொண்டுவர, பசை தடவி, அது காய்வதற்குள் மிக நுண்ணிய மணலைத் தூவுவார்கள். ஒட்டாததைத் தட்டிவிட்டு வண்ணம் பூசுவார்கள். சங்கிலிப் பட்டையின் விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்த்தால், தேய்ந்த இரும்பின் பளபளப்பு வந்துவிடும். ஆனால் சக்கரங்களில் துரு நிறம் வேண்டாம். அவை பெரும்பாலும் அலுமினியம். அங்கே புழுதியைக் காட்டினாலே போதும்.