காலம் கடந்தால் உரிமை வீழுமா?

திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களில் பட்டாவின்றித் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருப்போரை அன்றாடம் காணும் நமக்கு, நிலத்திற்கு ஆதாரம் எது என்ற கேள்வி புதிதன்று. போர் ஓய்ந்த நாட்டில் அக்கேள்வி நீதிமன்றத்தையே சோதித்துவிடுகிறது. வட இலங்கை இதற்குச் சான்று.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். சுமார் 75,000 பேர் அகன்றனர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2009 மே மாதம் போர் முடிந்து ஊர் திரும்பியோரில் பலர் தம் நிலத்தில் பிறர் குடியிருக்கக் கண்டனர். அவ்வாறு குடியேறியோரிலும் போரால் துரத்தப்பட்ட தமிழர் இருந்தனர் என்பதை நாம் மறைக்கலாகாது.

இலங்கையின் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறர் நிலத்தை உரியவருக்கு எதிராகப் பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். நம் நாட்டில் இதனை அனுபவ பாத்தியதை என்பர். தனியார் நிலத்திற்கு இங்கே பன்னிரண்டாண்டு. துப்பாக்கி முனையில் வெளியேறியவர் பத்தாண்டு வழக்குத் தொடுக்காதது அவர் குற்றமா?

ஃபிக்ஹு இதனை முன்பே சிந்தித்துள்ளது. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’, பெரும்பாலான வழக்குகளுக்குப் பதினைந்தாண்டு வரம்பு வைத்தது. ஆயினும் வாதி சிறுவராயினும், தொலைநாட்டில் இருந்தாராயினும், எதிரி அடக்கியாளும் வலிமை உடையவனாயினும் அக்காலம் கணக்கில் சேராது. வரம்பு வழக்கைக் கேட்பதற்கே. ஹக்கோ காலத்தால் வீழ்வதில்லை. நுட்பமான இவ்வேறுபாட்டை நம் மாணவர்கள் மனனம் செய்கின்றனர். அதன் பயனை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

இலங்கை 2016இல் இயற்றிய 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இதே வழியில் நடந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்காட இயலாதவர்க்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலம் கழிக்கப்பட்டது. ஆனால் வழக்குத் தொடுக்க அச்சட்டம் அளித்த அவகாசம் இரண்டாண்டு. கால் நூற்றாண்டு அகதியாய்க் கிடந்தவர், உறுதிப்பத்திரத்தைத் தேடி, வழக்கறிஞருக்குப் பணம் திரட்டுவதற்கு இது மிகக் குறைவு என்பதே நம் கருத்து.

ருவாண்டா வேறு வழி சென்றது. 1993ஆம் ஆண்டு அரூஷா உடன்படிக்கை, பத்தாண்டுக்கு முன் நாடு நீங்கிய அகதிகள் பிறர் குடியேறிய தம் பழைய நிலத்தைக் கோர வேண்டாம், அரசு மாற்று நிலம் தரட்டும் எனப் பரிந்துரைத்தது. சமூக அமைதிக்கு அது உதவலாம். அவ்வழியில் உரியவர் தம் ஹக்கை விட்டுக்கொடுக்கிறார். அவருக்குரிய ஈடு உண்மையாகவே கைக்கு வரவேண்டும்.

குடியிருப்பவர்மீது வழக்காடலாம். மன்னார் மாவட்டத்து முசலியில் நிலை வேறு. ஆளின்றிக் கிடந்த ஆண்டுகளில் அங்கு வயலும் தோட்டமும் காடாயின. 2017இல் மாவில்லு பேணற்காடு அறிவிக்கப்பட்டபோது, தம் பூர்வீக நிலமும் அதனுள் அடங்கியதாக மறிச்சுக்கட்டி உள்ளிட்ட ஊரார் போராடினர். அவர்களுக்கு எதிரே நின்றது அயலான் அன்று, அரசு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே அவர்களுக்கு உதவவில்லை.