படம் பார்த்துக் கட்டிய நகரம்

வார்சாவின் 'பழைய நகர'த்தில் பழைய சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1944 எழுச்சியை நசுக்கிய ஜெர்மானியப் படை தீயிட்டும் வெடிவைத்தும் பழிதீர்த்தது. போர் முடிந்தபோது வரலாற்று மையத்தில் 85 சதவீதத்துக்கு மேல் இடிபாடு.

போலந்துக்காரர்கள் போனதையே திரும்பக் கட்டினார்கள். கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்து, பின்பு மடாலயம் ஒன்றில் ஒளித்துவைக்கப்பட்ட வரைபடங்கள் கைகொடுத்தன. கூடவே, 18ஆம் நூற்றாண்டு அரசவை ஓவியர் பெர்னார்டோ பெலோட்டோ தீட்டிய தெருக்காட்சிகள். அழகுக்காக அவர் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்ப்பவர் என்பது வேறு விஷயம்.

அரண்மனைக்குத்தான் நீண்ட காத்திருப்பு. கம்யூனிஸ்ட் அரசு 1971இல்தான் சம்மதித்தது; உள்நாட்டு, வெளிநாட்டு போலந்துக்காரர்கள் நன்கொடையை அள்ளிக் கொடுத்தார்கள். 1984இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அங்கே பெலோட்டோ ஓவியங்களுக்குத் தனி அறையே உண்டு. பயணிகள் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தெருவோடு ஒப்பிடலாம்.

நகலுக்கு பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்தா? யுனெஸ்கோ வட்டாரத்திலும் தயக்கம் இருந்தது. கடைசியில், மீட்டெழுப்பிய உழைப்புக்காகவே 1980இல் பட்டியலில் இடம் கிடைத்தது.

அரண்மனைச் சதுக்கத்தில் நிற்கும் மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்டின் தூணும் போருக்குப் பின் வந்ததே. உச்சியிலுள்ள சிலை மட்டும் 1644இல் வைத்தது. ஜெர்மானியர் வீழ்த்திய தூண் அரண்மனை ஓரத்தில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.