தேடினால் கிடைக்கும் – 9: ஒரே கேள்விக்கு எத்தனை பக்கம்?

தை பிறப்பதற்கு முந்தைய நாள் இரவு, தமிழ்நாட்டில் கைபேசி வைத்திருக்கும் வீடுகளில் தட்டப்படும் கேள்வி 'பொங்கல் வைக்க நல்ல நேரம்'. செய்தித் தளங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு வருஷமும் அதற்கென்று புதுப் பக்கம் போடுகிறார்கள். ஆன்மிகப் பிரிவுக்காரர் ஒன்று எழுதுவார், மாவட்டச் செய்திப் பிரிவில் ஒன்று வரும், படத்தொகுப்பாக இன்னொன்று வரும். ஐந்து வருஷம் இப்படியே போனால் ஒரே தளத்தில் ஒரே கேள்விக்குப் பதினைந்து பக்கம் சேர்ந்துவிடும். கடைசியில் பானையைக் கழுவி வைத்துவிட்டுத் தேடுகிறவர் முன்னால் வந்து நிற்பது இரண்டு வருஷத்துக்கு முந்தைய நேரம்.

எஸ்இஓ, அதாவது தேடலில் தளங்களை முன்னால் கொண்டுவரும் வேலை பார்ப்பவர்கள் இந்தச் சிக்கலை 'கீவேர்டு கேனிபலைசேஷன்' என்பார்கள். இது எப்படி நடக்கிறது என்று புரிய, சென்ற வாரம் பார்த்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் பெரும்பாலும் தளங்களை வரிசைப்படுத்துவதில்லை, பக்கங்களைத்தான் வரிசைப்படுத்துகிறது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் அதன் மதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். இன்று எத்தனையோ அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன. இணைப்பின் மதிப்பு போய்விடவில்லை. பதினைந்து பக்கம் இருந்தால், உங்களுக்குக் கிடைக்கும் இணைப்புகளும் பதினைந்தாகச் சிதறும். ஒரே தொகுதியில் ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் நின்றால் ஓட்டுப் பிரிந்து மூன்றாமவர் ஜெயிப்பதைப் போலத்தான்.

நிறைய பக்கம் போட்டால் நிறைய இடம் பிடிக்கலாம் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2019 ஜூனில் கூகுள் அதற்கு வரம்பு கட்டியது. ஒரு தேடலின் முன்வரிசை முடிவுகளில் ஒரு தளத்தின் பக்கங்கள் பொதுவாக இரண்டுக்கு மேல் வராது. ஆக, மீதிப் பதின்மூன்று பக்கத்துக்குப் போட்ட உழைப்பு வீண்.

இந்த வழியில் போய் மிகப் பெரிய விலை கொடுத்தது அமெரிக்காவின் டிமாண்ட் மீடியா. 2006இல் தொடங்கிய நிறுவனம். 'இஹவ்' என்ற அதன் தளத்தில் குழாய் ஒழுகலை நிறுத்துவது முதல் டை கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் கட்டுரை இருந்தது. எதை எழுத வேண்டும் என்று ஆசிரியர் குழு தீர்மானிக்கவில்லை. மக்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர் எவ்வளவு தருவார் என்று கணக்குப் போட்டு ஒரு மென்பொருள் தலைப்புகளைக் கொட்டியது. வெளியிலிருந்து எழுதுபவர்கள் சொற்பக் கூலிக்கு அவற்றை எழுதினார்கள். தேடும் சொல்லை வைத்துத் தலைப்புப் பிறந்தால், சொல் கொஞ்சம் மாறும்போதெல்லாம் ஒரு புதுக் கட்டுரை பிறக்கத்தானே செய்யும்? ஒரே வேலைக்கு நாலைந்து கட்டுரைகள், ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும்.

2011 ஜனவரியில் அந்த நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பையே தாண்டியது. அடுத்த மாதமே, தரம் குறைந்த பக்கங்களைத் தேடல் வரிசையில் பின்னுக்குத் தள்ளும் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் அதனால் பாதிக்கப்பட்டதாகக் கூகுளே சொன்னது. இஹவ் முதல் சுற்றில் தப்பியது, ஏப்ரலில் மாட்டிக்கொண்டது. பிறகு பல லட்சம் கட்டுரைகளை அவர்களே நீக்க வேண்டியதாயிற்று. சரக்கு இல்லாத எழுத்துதான் முதல் காரணம் என்பது என் கருத்து. ஆனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதியதும் அதே பட்டறையில் செய்த வேலைதான்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் பயந்துபோய், ஒரே சொல் இரண்டு பக்கத்தில் வந்தாலே தண்டனை என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு தண்டனை கிடையாது. பார்க்க வேண்டியது சொல்லை அல்ல, தேடுகிறவர் என்ன நினைத்துத் தேடுகிறார் என்பதை. 'சர்க்கரை நோய் அறிகுறிகள்', 'சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் பழங்கள்' இரண்டிலும் அதே சொற்கள் வருகின்றன. கேட்பவர்கள் வேறு, தேவை வேறு; இரண்டு பக்கம் இருப்பதே நியாயம். 'சர்க்கரை நோய் அறிகுறி', 'நீரிழிவு அறிகுறி', 'சுகர் அறிகுறி' என்று மூன்று பக்கம் எழுதுவதுதான் தப்பு. மூன்று சொல்லும் இயல்பாக வரும்படி ஒரே பக்கத்தை நன்றாக எழுதினால் போதும்.

உங்கள் தளத்தில் இந்தக் கோளாறு இருக்கிறதா? தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் 'சர்ச் கன்சோல்' கருவியில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போய் முக்கியமான ஒரு தேடல் சொல்லைச் சொடுக்குங்கள். பிறகு 'பேஜஸ்' என்பதைச் சொடுக்கினால் அந்தச் சொல்லுக்கு உங்கள் தளத்தின் எந்தெந்த முகவரிகள் வந்தன என்று வரிசையாகக் காட்டும். 16 மாதத் தகவல் அங்கே இருக்கும். இரண்டு முகவரியும் நல்ல இடத்தில் நிலையாக நின்றால் கை வைக்காதீர்கள். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கி, அடுத்த மாதம் அது ஏறி இது இறங்கி, இரண்டுமே தேடல் முடிவுகளின் இரண்டாம் பக்கத்திலிருந்து முன்னேறாமல் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும்.

சரிசெய்ய, வலுவான பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றில் உள்ள உருப்படியான செய்திகளை அதில் சேர்த்துவிட்டு, பழைய முகவரிகளை 301 ரீடைரக்ட் மூலம் அதற்குத் திருப்பிவிட வேண்டும். வெறுமனே அழித்துவிட்டால் அவற்றுக்கு வந்த இணைப்புகளின் பலன் போய்விடும். ஒரே பக்கம் பல முகவரிகளில் இருந்தே தீர வேண்டும் என்றால், அவற்றில் எது முதன்மை முகவரி என்று சொல்லும் 'கேனானிக்கல்' குறி போடலாம். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. கூகுள் அதை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும், கட்டளையாக அல்ல. உங்கள் தளத்துக்குள்ளேயே கொடுக்கும் இணைப்புகளையும் பாருங்கள். ஒரே சொல்லிலிருந்து ஆளுக்கொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், எது முக்கியம் என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்?

பொங்கல் நேரத்துக்கும் இதுதான் வழி. வருஷம் இல்லாத ஒரு முகவரி வைத்துக்கொண்டு, மார்கழியில் உள்ளடக்கத்தையும் தலைப்பில் உள்ள ஆண்டையும் மாற்றுங்கள். பழைய இணைப்புகளின் பலமெல்லாம் அங்கேயே சேரும், வாசகருக்கும் சரியான நேரம் கிடைக்கும். புதுக் கட்டுரை எழுத உட்காரும் முன், இதே கேள்விக்கு ஏற்கெனவே பதில் எழுதியிருக்கிறோமா என்று உங்கள் தளத்திலேயே ஒருமுறை தேடிப் பாருங்கள். 301 போடும்போது நடக்கும் தவறுகளை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.